பிளம் ஜாம் காயங்கள்

மூன்று முறை ஈரப் பஞ்சால் துடைத்தும் ஸெனெக்கின் புருவத்துக் காயம் போகவில்லை.

முந்தின நாள் ஒப்பனைக்காரி போக்னாவே வரைந்த காயம்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை. வூட்ஜ் நகரத்தில் எடுக்கப்பட்டுவந்த அந்தக் குத்துச்சண்டைப் படத்துக்கு அவள் பிளம் ஜாமை நீர்க்கக் கரைத்துத்தான் தம்பியின் முகத்தில் பூசிவந்தாள். மாலையில் கழுவியும் விட்டாள். இப்போது பஞ்சில் பிளம் வாசனை இல்லை. இடது கைக்காரியான அவள் தூரிகையைச் சுழித்து முடிக்கும் அந்தச் சின்ன வால் மட்டும், பிளந்த தோலில் அப்படியே இருந்தது.

"ஸெனெக், இது நெஜக் காயம்டா."

"பயிற்சியில பட்டிருக்கும்க்கா."

"போன வாரம் உதடு, அப்புறம் மூக்கு. நான் எத வரைஞ்சாலும் மறுநாள் உனக்கு வருது. இன்னிக்கு நீ சாகுற காட்சி. வேணாம்டா, எங்கயாச்சும் போயிடு."

"முதமுதலா கதாநாயகனா நடிக்கிறேன், ஓடிப்போகச் சொல்றியா? நல்ல அக்கா போ!"

சிரித்ததில் அவன் உதடு மறுபடி வெடித்தது. கையுறைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எதையும் வரையாவிட்டால் எதுவும் வராது என்று போக்னா ஜாம் சீசாவைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துவைத்தாள். கண்ணாடி மூலையில் ஸெனெக்கின் புகைப்படம் செருகியிருந்தது. டைரக்டருக்கு மாதிரி காட்ட, காதிலிருந்து தாடை வரை நேற்று அவள் அதில் ஒரு கோடு வரைந்திருந்தாள். அது வெறும் காகிதம்தானே என்று விளக்கை அணைத்தாள்.

"ஜாம் தீந்துபோச்சு சார்," என்றாள் படப்பிடிப்புக் கூடத்தில்.

"பரவால்ல. வேர்வையோட விழட்டும். ரத்தத்த அப்புறம் கிட்டக்க எடுத்துக்கலாம்," என்றார் டைரக்டர்.

தம்பி பிழைத்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பகல் வெளிச்சம் வராமல் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பார்வையாளர்களாக நடிக்கக் கூலிக்கு வந்த கூட்டத்தின் பனியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் நாற்றமும், மலிவு சிகரெட் புகையும், விளக்குச் சூட்டில் தூசி கருகும் வாடையும் சேர்ந்து தொண்டையை அடைக்க, அத்தனைக்கும் அடியில் கேமரா விடாமல் கரகரவென்று சுழன்றுகொண்டிருந்தது.

எதிராளியாக நடித்த மிரோன் கையை ஓங்கினான். கையுறை ஸெனெக்கின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளியே போனது. ஒத்திகை பார்த்தபடி.

ஸெனெக் விழுந்தான். ஒத்திகை பார்த்தபடி.

நடுவர் எண்ணினார். எழக் கூடாது. கதைப்படி எழக் கூடாது.

ஆனால் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"ஸெனெக்?"

கூட்டம் போட்ட கூச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவன் காதோரம் ஒரு புள்ளி. சிவப்பு. படத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.

"ஜாம் இல்லன்னியே, கெட்டிக்காரி!" டைரக்டர் அவள் காதருகே கிசுகிசுத்தார். "யாரும் கிட்டப் போகாதீங்க. கேமரா ஓடட்டும்."

போக்னாவின் இடது கை பைக்குள் சீசாவை இறுகப் பிடித்திருந்தது. மூடியில் கட்டிய நூல்கூட அவிழவில்லை.

புள்ளி கோடானது. வழியவில்லை. யாரோ வரைவதுபோல் நின்று நின்று, தாடை வரை இறங்கியது.

முடியும் இடத்தில் இடப்பக்கம் சுழித்தது.

கூட்டம் கைதட்டியது. அவனுடைய மறு காதில், அவள் எங்கேயும் வரைந்திராத அடுத்த கோடு தொடங்கியது.