ஓரெழுத்து தள்ளி விழுந்த புள்ளி

காலைக் காப்பி ஆறுவதற்குள் கடிதப் பதில்களை முடித்துவிடுவது மரியபுஷ்பத்தின் வழக்கம். அவள் பேசுவாள், மேசையிலிருக்கும் ஏட்டுத்திரை எழுதும், எழுதியதை ‘நயமி’ என்கிற மென்பொருள் வாங்கி, இங்கிதமாக மாற்றி அனுப்பும். நயமியைத் தாண்டாமல் நாட்டில் ஓர் எழுத்தும் அச்சேற முடியாது. இணக்கச் சட்டம் வந்தபின் யாரும் யாரையும் திட்டி எழுதுவதில்லை என்று அரசு பீற்றிக்கொண்டது. யாரும் யாருக்கும் மறுத்து எழுதவும் முடிவதில்லை என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

“என் குரலத் தரமாட்டேன்,” என்றாள் மரியபுஷ்பம்.

‘தங்கள் அன்பான கோரிக்கையை மகிழ்வுடன் ஏற்கும் எண்ணத்தில் உள்ளேன்,’ என்று எழுதியது திரை.

தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்புவதை அறிவிப்பவள் அவள். அந்தக் குரலை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள நிலையத்தை நடத்தும் நிறுவனம் கேட்டிருந்தது. இன்று மாலைக்குள் அச்செழுத்தில் மறுக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். கையெழுத்து செல்லாது, வாய்ச்சொல்லும் செல்லாது. தான் சொல்லாததையெல்லாம் தன் குரல் ஊருக்குச் சொல்லித் திரியும் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை.

பழைய தட்டச்சுப் பொறிகளுக்குச் சாயம் பூசி, வீட்டு அலங்காரத்துக்கு விற்பவன் சிவனணைந்தான். அவன் கடைக்குள் நுழைந்தாள்.

“இந்தச் சிவப்ப எடுங்கக்கா. ஹாலுக்கு எடுப்பா இருக்கும்.”

ஒரு விசையை அழுத்திப் பார்த்தாள். சாயம் காய்ந்து இறுகி, அசைய மறுத்தது.

“அழகு வேண்டாம், தம்பி. எனக்கு அடிக்கணும்.”

“அடிக்கவா போறீய? எனக்கே அடிக்கத் தெரியாதேக்கா.”

“எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

மூலையில் துருவேறிக் கிடந்த ஒன்றில் விசைகள் எழும்பி விழுந்தன. நாடாவில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் மை கசிந்தது. அதையே விலை பேசி, கடையிலேயே தாளைச் செருகினாள். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதையாக ஒவ்வோர் எழுத்தாய்த் தேடிக் குத்தினாள்: குரல் தரமாட்டேன்.

அந்தப் பொறியில் புள்ளியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். இருவருக்கும் அது தெரியாது. புள்ளிகள் எல்லாம் ஓரெழுத்து தள்ளி விழுந்தன. கடைசிப் புள்ளி வெற்றிடத்தில் தனியாக நின்றது. மறுபடி அடிக்கலாமென்றால் நாடா இற்று அறுந்துவிட்டது.

பொறியைக் குடம் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இணக்க அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்த இளம்பெண் நிறுவனத்தின் கடிதத்தையும் தாளையும் வாங்கி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். எழுத்தில் ஒரு ‘மாட்டேன்’ அவள் இதுவரை பார்த்ததில்லை.

“மறுத்தீங்கன்னா அறிவிப்பாளர் வேலை இன்னியோட போயிரும்கா. தெரியும்லா?”

“தெரியும். போட்டும்.” இடுப்பிலிருந்த பொறியை இறுக்கிக்கொண்டாள். வேலையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தப் பெண் கொஞ்சம் இரக்கப்பட்டாள். “புள்ளியெல்லாம் எடம் மாறிக் கெடக்கே. நயமில குடுத்துத் திருத்தித் தரட்டுமா? ஒரு நொடிதான்.”

“தொடாத, தாயி. திருத்தினா அது ‘சரி’ன்னு ஆயிரும்.”

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளை நேராக வைத்து, எந்தப் புள்ளியின்மேலும் படாமல் முத்திரையைக் குத்தினாள்.