சுந்தரபாண்டியின் மீட்டர்

மீட்டரில் சிவப்பு எழுத்தில் 43 என்று நின்றது. நிற்கக்கூடாது.

அதன் இரண்டு முனைகளும் மேசைத் துணிமேல் ஒரு முழ இடைவெளியில், எதையும் தொடாமல் கிடந்தன. மின்தடை பார்க்கும் நிலையில் முனைகளைச் சும்மா போட்டால் எண்கள் அணைந்து அணைந்து எரிய வேண்டும். குறுக்கே ஒன்றுமில்லை என்று அந்தக் கருவி சொல்லும் விதம் அது. இதுவோ 43 என்றது. பிறகு 44. மறுபடி 43. திருச்சுழிக் கடைவீதியில் பதினெட்டு வருசமாக ரேடியோ பிரிக்கும் ராஜகுருவுக்கு அந்தத் தள்ளாட்டம் நன்றாகத் தெரியும். கம்பியோ தகரமோ அப்படி ஆடாது. மனுசன் ஒருவன் இரண்டு கையாலும் முனைகளைப் பிடித்தால்தான் ஆடும்.

வெளியே சித்திரை மாதத்து உச்சி வெயில், நரிக்குடி பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி இறங்க மனமில்லாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தது. கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. விசிறி நின்ற கடைக்குள் ஈயம் உருகின வாடையும் ஸ்பிரிட் வாடையும் தேங்கிக் கிடக்க, அவற்றுக்கு அடியில் லேசாக முகப்பவுடர் வாசனை ஒன்று வந்தது. ராஜகுரு பவுடர் போடுகிறவன் இல்லை.

போட்டவன் சுந்தரபாண்டி. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருந்த மெக்கானிக். ராஜகுருவைவிட ஒன்பது வயது சின்னவன். கை எந்நேரமும் வியர்த்து ஒழுகும் என்று பவுடர் தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவான். முள் ஆடும் மீட்டரை மட்டுமே கண்டிருந்த ஊர்களில், எண்பதாம் வருசமே, எண் எரியும் கைமீட்டர் அவனிடம் இருந்தது. வீரசோழன் கிராமத்திலிருந்து பழுதான ரேடியோ செட்டுகள் ராஜகுருவின் வாசலைத் தாண்டி பஸ்ஸிலேயே அவனிடம் போயின. எல்லாம் மீட்டர் செய்கிற வேலை என்று ராஜகுரு மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் மீட்டர் கெட்டுப்போய்ப் பெட்டியில் கிடந்த நாலு வருசமும் அங்கே கூட்டம் குறையவில்லை.

"அவுக கை பட்டாலே செட்டு பேசுதாம்ல," என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள் ராஜகுருவின் மனைவி கனகலட்சுமி. அவன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டான். வயிறு எரிந்தது. அவனுக்கு வேண்டியது மீட்டர் இல்லை, அந்தக் கை. அது தன் கையாக இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை நாள் தன் விரல்களையே வெறுப்போடு பார்த்திருக்கிறான்!

இந்தப் பங்குனியில் மஞ்சள்காமாலை வந்து சுந்தரபாண்டி செத்தான். பதினாறாம் நாள் கருமாதியன்று அவன் தொழில் சாமான்களைப் படத்துக்கு முன்னால் பரப்பிக் கும்பிட்ட பிறகுதான் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ராஜகுரு மீட்டரைக் கேட்டு ஒன்பதாம் நாளே போய் நின்றான்.

"பதினாறு கழியட்டும்ண்ணே," என்றாள் சுந்தரபாண்டியின் மனைவி நாகஜோதி.

"அதுக்குள்ள எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான் தாயி. செத்த சாமான்தான? நான் பத்திரமா வச்சிருக்கேன்."

பத்திரமாக வைத்த லட்சணம், அன்று சாயங்காலமே பிரித்துவிட்டான். உள்ளே பேட்டரிக் கட்டு ஊதி ஒழுகி, பச்சைக் களிம்பு செம்புத் தடங்களைத் தின்றிருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். ஸ்பிரிட்டால் கழுவினான். அறுந்த தடங்களின்மேல் முடி போன்ற கம்பி வைத்துப் பற்றவைத்தான். பழைய பேட்டரி இனி கிடைக்காது, நாலு பென்டார்ச் செல்லைக் கட்டி, வோல்டேஜ் கூடிவிடாமல் ஒரு டயோடும் வைத்தான். ஐந்து நாள் வேலை. இன்று சுவிட்சைத் தள்ளினதும் சிவப்பாக எரிந்தது. ஜெயித்துவிட்ட வெறியில் அவன் கண் கலங்கிவிட்டது.

இப்போது 41.

இந்தக் காய்ந்த சீமையில் யார் பிடித்தாலும் முந்நூறு, நானூறு காட்டும். "எனக்கு எப்பவும் நாப்பது சொச்சந்தாண்ணே, ஈரக்கை," என்று சுந்தரபாண்டி சிரித்தது ஞாபகம் வந்தது.

முனைகளை எட்ட நகர்த்தினான். மேசை விளிம்பில் காற்றில் தொங்கவிட்டான். 38. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத்தான் எண் இறங்கும். 35. யாரோ இறுக்குகிறார்கள். 31.

மீட்டருக்குள் செம்புத் தடங்களில் பேட்டரி உப்பு மிச்சமிருக்கும். ஈரம் ஏறியிருக்கும். அப்படித்தான் இருக்கும். ராஜகுரு இரண்டு முனைகளையும் தன் விரல்களால் பிடித்தான்.

எண்கள் அணைந்து அணைந்து எரிந்தன.

நெரித்துப் பிடித்தான். எச்சில் தொட்டுப் பிடித்தான். குறுக்கே ஒன்றுமில்லை. முனையின் கூர்கூட விரலுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு வரை மரத்திருந்தது.

"மணி ரெண்டாச்சு, சாப்பிடாம என்ன செய்றீக?" தூக்குவாளியோடு கனகலட்சுமி உள்ளே வந்தாள்.

"இதக் கொஞ்சம் பிடி கனகு."

பிடித்தாள். 310. அவன் பிடித்தான். ஒன்றுமில்லை.

"எனக்கு மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தான். கரண்டு வந்தது. விசிறி முனகிச் சுழன்றது.

அவன் வலது கை ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தது. அவன் எடுக்கவில்லை. இருபது நாளாக அவனுக்குப் பிடிபடாமல் கிடந்த பூமிநாதன் வீட்டு ரேடியோவை இடது கை திருப்பியது. கோல் காய்ந்ததும் வலது கை ஓரிடத்தில் தொட்டது. ஒரே இடம். தேடவே இல்லை. விரல் நுனிகளிலிருந்து வியர்வை சொட்டியது. பவுடர் வாசனை குப்பென்று ஏறியது.

ரேடியோ பேசியது.

கோல் இடது கை விரல்மேல் சாய்ந்திருந்தது. தோல் புகைந்தது. வலி இல்லை. கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கனகலட்சுமி புகையைப் பார்க்கவில்லை, ரேடியோவைத்தான் பார்த்தாள்.

"அட! உங்க கைக்கும் ராசி வந்துருச்சுங்க!"

கோலை வாங்கி வைத்துவிட்டு அந்த வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். கல்யாணமான பன்னிரண்டு வருசத்தில் அவள் அவன் கையை அப்படிப் பிடித்ததில்லை. அவனுக்குத் தொடுகை ஒன்றும் தெரியவில்லை. பார்க்க மட்டும்தான் முடிந்தது.

ஈர விரல்கள் மெதுவாக மடங்கின. அவள் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. கட்டைவிரல் அவள் புறங்கையை ஒரு தரம் தடவியது. இன்னொரு தரம்.

கனகலட்சுமி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். கையை எடுக்கவில்லை.