பாலத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம்

அவளை வீட்டில் எல்லோரும் 'குடுக்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரக்குடுக்கை என்பதன் சுருக்கம். பல் தேய்க்கும்போதே பையை மாட்டிக்கொள்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவளுடைய அப்பா கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்தத் தெருவின் பழைய படங்களை நூலகத்தில் கண்காட்சியாக வைக்க முடிவு செய்தார்கள். பழைய பிலிம்களைப் பெரிய படங்களாக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. பிலிமை ஸ்கேனரில் வைக்கும் வேலையைக் குடுக்கை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பளபளப்பான பக்கம் கீழே, மங்கலான பக்கம் மேலே. பாத்து வைடா கண்ணு," என்று சொல்லிவிட்டு, அப்பா பாஸ்போர்ட் படம் எடுக்க உள்ளே போனார்.

கண்காட்சி தொடங்கிய அன்றே முடிவெட்டும் தாத்தா வந்தார். தெருவிலேயே மூத்த கடைக்காரர் அவர். பாலத்தின் மேலிருந்து எடுத்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இதான் எங்கப்பா கடை. வாசல்ல நிக்கிறது எங்கப்பா. பக்கத்துல அரை டிராயர்ல நான்," என்றார். பிறகு முகம் சுருங்கியது. "ஆனா பாலத்துலேருந்து பாத்தா கடை இடப்பக்கம்தானே இருந்துச்சு? இதுல வலப்பக்கம் இருக்கே."

பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் சிரித்தார். "படம் பொய் சொல்லுமா, பெரியவரே? வயசாச்சுல்ல, மண்டை குழம்பிப்போச்சு."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அகலமான தெரு போட்டு ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எது எந்தப் பக்கம் இருந்தது என்று வேறு யாருக்கும் தெரியாது. தாத்தா வெளியே போனார்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. கண்ணில் விழும் முடியை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டு குடுக்கை அவர் வீட்டுக்கே போனாள்.

"எப்ப தாத்தா கடை திறப்பீங்க?"

"இனிமே திறக்கலம்மா. ஓடி விளையாடின கடையே எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு. நாளைக்குக் கத்தியோட நிக்கும்போது யார் காது எந்தப் பக்கம்னு மறந்துட்டா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

குடுக்கைக்கு மனசே சரியில்லை. நேராக நூலகத்துக்குப் போய், மூக்கு இடிக்கிற அளவுக்குப் படத்தின் அருகில் நின்றாள். கடைகளின் பெயர்ப்பலகை ஒன்றும் தெரியவில்லை. வாசல்களும் மனிதர்களும்தான். ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர், எல்லோருக்கும் சட்டைப்பை வலது மார்பில் இருந்தது.

திரும்பி நூலகரைப் பார்த்தாள். சட்டைப்பை இடது மார்பில். வாசலில் நின்ற தபால்காரருக்கும் இடது மார்பில்தான்.

அவளுக்குச் சட்டென்று ஸ்கேனர் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஸ்கேனரில் எந்தப் பக்கத்தைக் கீழே வைத்தோம்?

ஸ்டுடியோவுக்கு ஓடி, அந்தப் பிலிமை அப்பாவிடம் எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிலிமைத் திருப்பி வச்சிருக்க. மொத்தத் தெருவும் இடம் வலமா மாறிடுச்சு," என்றார். "நானாவது பாத்திருக்கணும். சரி விடு, சரியான படத்தைச் சத்தமில்லாம மாத்தி மாட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

குடுக்கைக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் உடனே தலையை ஆட்டினாள்.

"வேணாம்பா. நேத்து வலப்பக்கம் இருந்த கடை இன்னிக்கு இடப்பக்கம் வந்தா, தாத்தா இன்னும் குழம்பிடுவாரே. நானே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

மறுநாள் காலையில் தாத்தாவின் கையைப் பிடித்து நூலகத்துக்கு அழைத்து வந்தாள். பழைய படமும் புதுப் படமும் அடுத்தடுத்து மாட்டியிருந்தன. கூட்டத்தில் பேக்கரிக்காரரும் இருந்தார்.  குடுக்கை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பிலிமை நான்தான் திருப்பி வச்சேன். தாத்தா சொன்னதுதான் சரி. கடை இடப்பக்கம்தான். மன்னிச்சிடுங்க தாத்தா."

தாத்தா புதுப் படத்தைப் பார்த்தார். விரல் கடை கடையாக நகர்ந்தது. "இது மாவு மில்லு. அடுத்தது பூட்டுக் கடை. அப்புறம் எங்க கடை. ஆமா, இதான் எங்க தெரு." அவர் கண் கலங்கியது. குடுக்கையின் தலையில் கை வைத்தார். "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

பேக்கரிக்காரர் கூச்சத்தோடு முன்னால் வந்தார். "தப்பா பேசிட்டேன், பெரியவரே. நாளைக்கு எனக்கு முடி வெட்டிவிடுவீங்களா?"

தாத்தா படத்தில் தன் அப்பா கடை வாசலின் ஓரத்தைக் காட்டினார். அங்கே இன்னொரு பொடியன் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான்.

"இது யாரு தெரியுதா? உங்கப்பா. முடி வெட்டக் கூட்டிட்டு வந்திருக்காங்க," என்றார் தாத்தா. "நீ தாராளமா வா. ஆனா இவன் மாதிரி அழக் கூடாது."