துண்டு போட்ட இடம்

காலை ஆறரைக்கு வானிலை முடிந்ததும் நகர்நிலை வாசிப்பார்கள். "இன்று நகரம் தெற்கே நாற்பது அடி வளரும். அந்தப் பக்கம் துணி காயப்போட்டவர்கள் எடுத்துவிடவும்." யாரும் காபித் தம்ளரைக் கீழே வைப்பதில்லை. கட்டுமான எந்திரங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து சுவர் எழுப்பிவிட்டுப் போகும். மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் கட்டெறும்பு.

எங்கே எழுப்புவது என்று சொல்வது வளர்கணி என்ற கணினி. ஒவ்வொருவர் காதிலும் பதித்த செவிச்சில்லு வழியாக, யாருக்கு எந்த இடத்தில் ஆசை என்று கேட்டு, நூறு வருடத்து நகரத்தை முன்கூட்டியே வரைந்துவிடும். ஆசையைச் சொல்வதற்குத் துண்டு போடுவது என்று பெயர். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு வளர்ந்த பரம்பரையல்லவா! யார் எங்கே போட்டார் என்பதும் ஊருக்கே தெரியும்.

அந்த வரைபடத்தில் நாரைக்கழிச் சதுப்பைக் காப்பாற்றுவது அங்கயற்கண்ணியின் உத்தியோகம். பதினோரு வருட மல்லுக்கட்டு. 'பறவைகள் சரணாலயம்' என்று குறித்தாள். பறவை பார்த்த வீடு வேண்டுமென்று சுற்றிலும் துண்டு போட்டதற்கான சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. 'வெள்ள அபாயம்' என்றாள். மாடி வீடாகக் கேட்டார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது.

"இடுகாடுன்னு போட்டுப் பாருங்க மேடம். நம்மாளு ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்," என்றார் நில அளவையர் மாசிலாமணி.

போட்டாள். சிவப்பு மொத்தமும் அணைந்தது. நூறு வருடத்துக்கும் பச்சை.

மாலையில் இருவரும் எல்லைக்கல் நடப் போனார்கள். நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். பதினோரு வருட அசதியும் ஒன்றாக இறங்கியது.

"அப்பாடா! செத்தா இங்கதான் வந்து படுக்கணும் மாசிலாமணி."

மூன்றாம் நாள் நகர்நிலையில், "நாரைக்கழி முழுவதும் இன்று வளரும்" என்றார்கள். தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். கட்டெறும்புகள் சதுப்பைத் தூர்த்து, ஆறடிக்கு மூன்றடிக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தன. நாரைகள் இறங்க இடமில்லாமல் வட்டமடித்தன. கரை நெடுகக் கூட்டம். "கிழக்குப் பார்த்த குழி இருக்குதா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க யாரு மொதல்ல கேட்டது?" என்று வளர்கணியிடம் கத்தினாள்.

"நீங்கள்தான் அம்மா. திங்கட்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு. அதிகாரியே துண்டு போட்டுவிட்டார் என்றதும் நாலாயிரத்து இருநூறு பேர் போட்டார்கள்."

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்குப் பக்கத்து மனை எனக்கு மேடம். கார்னர்."