எறும்பு தொடாத கோலம்

சாயங்காலம் ஆகியும் காலையில் போட்ட கோலம் அப்படியே இருந்தது. சிட்லபாக்கத்தில் அந்தத் தெருவின் மற்ற வாசல்களில் எல்லாம் எறும்பு மொய்த்து, அணில் கொறித்து, மதியத்துக்குள் பாதிக் கோலம் காணாமல் போய்விடும். ரோஹிணி கேட்டுக்கு உள்ளே போட்ட கோலம் மட்டும் அச்சடித்த மாதிரி நின்றது.

காரணம் அவளுக்குத் தெரியும். மாவைத் தின்ன வந்த எறும்பு அப்படியே வரிசை பிடித்து வீட்டுக்குள் புகுந்து, அவளுடைய ஒன்றரை வயது மகள் ஸஹானாவின் உதட்டைக் கடித்துவிட்டது. அன்றே கோலமாவு டப்பாவில் எறும்புப் பொடியைக் கலந்து வைத்தாள். எறும்புக்குச் சோறு போடுவதாகப் பெருமை பேசிக்கொண்டே அந்தச் சோற்றில் விஷம் வைக்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வந்துவிடாது.

"ரோஹிணி, எங்க முருங்கை மரத்தடியில அணில் செத்துக் கெடக்கு. மருந்து ஏதாச்சும் வச்சியாம்மா?" என்று பக்கத்து வீட்டு ஃபாயிசா நேற்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"எறும்புக்குத்தான்க்கா. கொஞ்சூண்டு."

சொல்லும்போது அவளுக்கு உறுத்தவில்லை. கொஞ்ச நாளாக எதுவுமே உறுத்துவதில்லை. விரல் நுனிகள்கூட மரத்துக் கிடந்தன. கீபோர்டு தட்டித் தட்டி வந்ததென்று விட்டுவிட்டாள்.

இப்போது குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நடுத் தாமரையில் ஓர் இதழ் இல்லை.

மதியம் முழுக்க ஹெட்போனும் மீட்டிங்குமாக உள்ளறையில் இருந்தாள். கேட் பூட்டியிருந்ததால் குழந்தை வாசலில் விளையாடட்டும் என்று விட்டிருந்தாள். நடுவில் எட்டிப் பார்த்தபோது ஸஹானா தானாகவே வந்து பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சமர்த்து என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மீட்டிங்குக்குத் திரும்பினாள்.

உள்ளே போனாள். ஏரிப் பக்கமிருந்து பாசி வாடை வந்தது, அதோடு பொடியின் தித்திப்பு நெடியும். தூரத்தில் மின்சார ரயில் போய் ஓய்ந்தபின் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஈ இல்லை, கொசு இல்லை, சுவரில் பல்லி இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று அவளுக்கு நினைவில்லை.

தரையில் வெள்ளையாக ஒரு சின்னக் கைத்தடம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பாய்வரை.

பாயோரம் எறும்பு.

இத்தனை நாளாக வராத எறும்பு. வரிசையாக வந்து, பாயில் ஏறி, ஸஹானாவின் கன்னத்தில் நடந்தது. உதட்டருகே வந்ததும் நின்றது. உதட்டில் மாவு ஒட்டியிருந்தது. வரிசை இரண்டாகப் பிரிந்து, அதைத் தொடாமல் ஒதுங்கிப் போனது.

"பாப்பா."

குழந்தை சிணுங்கவில்லை.

மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரலை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மரத்த விரல். மறு கை விரலை வைத்தாள். அதுவும் மரத்திருந்தது.

எடுக்கத் தோன்றாமல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எறும்புகள் அவள் விரலையும் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின.