உள்ளே இருந்த கோயில்

ஆர்கன் வாசிப்பவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலிக் கோயிலில் ஞானப்பாட்டின் ஓர் அடியை முடித்துக் கையை எடுத்த பிறகும், கடைசிச் சொல்லை யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலி மூச்சு வாங்குமா? இது வாங்கியது.

வெளியே மழை இருட்டு. உள்ளே மெழுகும் பழைய மர பெஞ்சுகளும் மணத்தன. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாசனையும் புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்த லுத்தரன் சபைக்கு ஒரு பெருமை உண்டு: தொடங்கிய நாள் முதல் ஒரு ஞாயிறுகூட ஆராதனை நின்றதில்லை. முதலில் கட்டிய சின்னக் கோயிலில் இடம் போதாமல் போனபோது, அதை இடிக்காமல் சுற்றிலும் இந்தப் பெரிய சுவர்களை எழுப்பினார்கள். கூரை போட்ட பிறகுதான் உள்ளே இருந்ததை உடைத்து வாசல் வழியே சுமந்து போனார்கள். அதுவரை உள்ளே பாட்டு நடந்துகொண்டே இருந்ததாம்.

"கல்லை மட்டுந்தாம்மா வெளிய கொண்டுபோனாங்க" என்று மணியடிப்பவர் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். மனிதருக்குக் கதைவிடுவதே வேலை என்று அன்று விட்டுவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் முதல் பெஞ்சில் அவள் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு அவளுக்கு உலகமே அந்தக் குழந்தைதான். திரும்பாமலே, பாடினது நீயா என்று கேட்டாள்.

"நான் மட்டும் இல்லம்மா. நிறுத்தாத. அவங்க இன்னும் முடிக்கல."

தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று எழுந்து திரும்பினாள். பெஞ்சில் நோட்டு மட்டும் திறந்து கிடந்தது. ஆனால் பாட்டு கேட்டது. மெதுவாக, இழுத்து இழுத்து, ஆணும் பெண்ணுமாக. நடுவில் மகளின் கீச்சுக் குரல். பிறகு பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்து போகிற ஓசை. பல கால்கள். அவற்றோடு ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. தூரப் போய்க்கொண்டிருந்தது.

ஐயோ, கூட்டிக்கொண்டு போகிறார்களே!

பாய்ந்து உட்கார்ந்து கட்டைகளை அழுத்தினாள். கால்கள் நின்றன. பாட்டு தொடர்ந்தது.

கடைசிச் சரணம் வந்தது. முடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும். விரல்கள் மரத்துப்போயின. கண்ணீர் தாடையில் வழிந்தது. துடைக்கக் கையில்லை.

போதகரைப் பார்ப்பதற்காக ஆர்கனின் மேல் மாட்டியிருந்த கண்ணாடியில் மெல்லக் கண்ணை உயர்த்தினாள்.

தாழ்ந்த கூரை. நெருங்கிய வெள்ளைச் சுவர்கள். வரிசை வரிசையாக ஆட்கள். முன் பெஞ்சில் மகள். அவள் பின்னலை, சுண்ணாம்பு படிந்த ஒரு கை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தது.

மகள் கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அந்த வரிசை முழுவதும், பாட்டை விடாமல், ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து, அவள் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டது.