சத்தம் வராமல் நடக்க என்ன வழி?

படத்தில் இருந்தது தன் வீட்டுக் கதவு என்பது, அந்தப் பதிவை மறைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறைத்தது கைப்பழக்கம். வீட்டுப் பழுதுகளைப் பற்றிப் பேசுகிற அந்த இணையதளத்தில் அவள் மட்டுறுத்துநர். சம்பளம் கிடையாது, நேரங்காலம் கிடையாது, லீவும் கிடையாது. ஒழுகும் குழாய், ஊறிப்போன சுவர், இறங்கிப்போன ஜன்னல் என்று ஆட்கள் படம் போட்டுக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சண்டை போடுகிற பதிவையும் பெயரில்லாத பதிவையும் ஊரார் வீட்டைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்துப் போடுகிற பதிவையும் அவள் மறைப்பாள். அங்கே அவள் பெயர் திருப்புளி அக்கா. பஸ் ஓட்டுகிற கணவன் வைத்த பெயர், சம்பளமில்லாத மேனேஜர்.

மறைக்கத்தான் முடியும். அழிக்க முடியாது, ஆளை வெளியேற்ற முடியாது, பதிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும் முடியாது. அதெல்லாம் சம்பளம் வாங்கும் ஆபீஸ்காரர்களின் அதிகாரம். அவள் மறைத்தது மற்ற எல்லார் கண்ணிலிருந்தும் போய்விடும், அவள் திரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

இப்போது கிடந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி. "அக்கா, கதவு கிறீச்சிடுதுன்னு கேட்டேன், கீலுக்கு மெஷின் எண்ணெய் விடச் சொன்னீங்க. விட்டேன். இப்ப சத்தமே இல்ல. ரொம்ப நன்றி." கீழே படம். மகள் ஒட்டிய முயல் பொம்மைக் காகிதம், கணவன் சாவியால் கீறிய கோடு, எல்லாம் அப்படியே.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது, சாயங்காலத்து வெளிச்சம் கூடத்தில் அழுக்குத் தண்ணீர் போலத் தேங்கி நின்றது, மாடிப்படியில் யாரோ செருப்பை உதறும் ஓசை கேட்டு அடங்கியது. கதவைத் திறந்தாள். வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த கதவு, ஒரு முனகல் இல்லாமல் திறந்துகொண்டது. கீலைத் தொட்ட விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனபோது தையல் மெஷின் வாடை.

கணவனைக் கூப்பிட்டாள். பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவே அவன் எடுத்தான்.

"ஏங்க, கதவுக்கு நீங்களா எண்ணெய் போட்டீங்க?"

"நானா? அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?"

"யாரோ போட்டிருக்காங்க. படமெடுத்து எங்க சைட்டுல வேற போட்டிருக்காங்க."

"நீ எவன் பதிவையாவது மறைச்சிருப்ப, அந்தக் கடுப்புல வெளையாடுறான். உங்க ஆபீஸ்ல சொல்லு. சம்பளம் வாங்குறவன் பாக்கட்டும். வண்டி எடுக்கணும், வைக்கிறேன்."

ஆபீஸில் சொன்னாள். தன்னார்வலர்களுக்கென்று ஓர் அரட்டைப் பெட்டி உண்டு. எதிர்முனையில் இருப்பவர் எப்போதும் ஒரே மாதிரி பேசுவார். "உங்கள் சேவைக்கு நன்றி. பரிசீலிக்கிறோம்."

"பரிசீலிக்கிறது இருக்கட்டும். இது யாரு, எங்கிருந்து போடுறான், அதைச் சொல்லுங்க."

"அந்த விவரம் தன்னார்வலர்களுக்குத் தர முடியாது, மேடம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை சண்டைகள், எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகள்! இவன்களுடைய கடையை இவள் காத்தாள். இவள் வீட்டு வாசலில் எவன் நிற்கிறான் என்று சொல்ல இவன்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த பதிவு வந்தது.

பலகைத் தரை. நீளமான நடைவழி. ஓரத்தில் சக்கரம் கழன்ற பொம்மைக் கார், இன்று மத்தியானம் காய்ச்சலோடு சிணுங்கிக்கொண்டே மகள் வீசியெறிந்தது. "இந்தத் தரை நடந்தா முனகுது. சத்தம் வராம நடக்க என்ன வழி?"

அதற்குள் பதிலும் வந்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், தங்கமான மனுஷன், கேட்டவருக்கெல்லாம் சலிக்காமல் சொல்பவர், எழுதியிருந்தார்: "நடுவுல மிதிக்காதீங்க தம்பி. சுவர் ஓரமாப் போங்க, அங்க பலகை அசையாது."

அவள் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பதிவை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். அவள் மறைத்தாள். மறைத்துவிட்டு, முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் விளக்கை எல்லாம் போட்டாள். சமையலறை, குளியலறை, கட்டிலடி, திரைச்சீலைக்குப் பின்னால். யாரும் இல்லை. உள்ளறையில் மகள் வாய் பிளந்து தூங்கினாள், நெற்றி சூடாக இருந்தது, மருந்து வாடையோடு மெல்லிய எண்ணெய் வாடையும் வந்த மாதிரி இருந்தது. தன் விரலில் இருந்துதான் வருகிறது என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு மேஜைக்கு ஓடி வந்தாள், ஏனென்றால் ஆபீஸ்காரர் பதில் எழுதியிருந்தார்.

"மேடம், விதிவிலக்காகப் பார்த்தோம். அந்தப் பதிவுகள் உங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்தே போடப்பட்டிருக்கின்றன."

அவள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"அப்போ அவன் வீட்டுக்குள்ள இருக்கான்! யாரையாவது அனுப்புங்க! போலீசுக்குச் சொல்லுங்க!"

"நீங்களே வேறு கணக்கில் பதிவிட்டு நீங்களே மறைப்பதாகத் தெரிகிறது. இது விதிமீறல். உங்கள் மட்டுறுத்துநர் உரிமை நிறுத்தப்படுகிறது. உங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஓர் உறுப்பினர் விருப்பம் தெரிவித்துள்ளார். உங்கள் சேவைக்கு நன்றி. எங்கள் அலுவலக நேரம் முடிந்தது."

"யோவ், நீ மனுஷன்தானா? எனக்குச் சின்னப் புள்ள இருக்கு!"

அது போய்ச் சேரவில்லை. அரட்டைப் பெட்டி மூடியிருந்தது. சாம்பல் நிறப் பதிவுகள் ஒவ்வொன்றாக அவள் திரையிலிருந்தும் மறைந்தன. இத்தனை வருடம் ராப்பகலாகக் காத்த இடத்தில் அவள் இப்போது வெறும் பார்வையாளர். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது; ஸ்டியரிங் பிடித்தால் அவன் போனைத் தொட மாட்டான். போலீஸ் எண் நீண்ட நேரம் இசை போட்டது.

இசை ஒரு காதில் ஓட, மேஜைக் கணினியில் பொதுப் பக்கத்தில் எழுதினாள். "நான் திருப்புளி அக்கா. என் வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. கொழந்தை இருக்கு. பக்கத்துல யாராவது இருந்தா உடனே வாங்க." கீழே முகவரி.

தச்சர்தான் முதலில் பதில் எழுதினார். "அம்மாடி, நான் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன், இதோ..."

பதிவு மறைந்தது.

வெள்ளைத் திரையில் ஒரே வரி. இதே வரியை ஆயிரம் பேருக்கு அவள் அனுப்பியிருக்கிறாள். 'உங்கள் பதிவு மறைக்கப்பட்டுள்ளது. மட்டுறுத்துநர்:' அதற்குப் பக்கத்தில் வெறும் ஒரு புள்ளி.

தச்சர் முகவரியைப் பார்த்தாரா? தெரியாது.

மீண்டும் எழுதினாள். மறைந்தது. மீண்டும். எழுத்து முடியுமுன் மறைந்தது.

ஒவ்வொரு முறை மறையும்போதும், எங்கோ ஒரு தட்டல். மிக மெல்லியது. விரல் நகம் கண்ணாடியில் படுவது போல.

டிக்.

கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை.

எழுதினாள். டிக்.

உள்ளறை.

அவள் ஓடினாள். பலகைகள் காலடியில் அலறின. கதவைத் தள்ளினாள்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை கழுத்துவரை ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. அவள் அப்படி இழுத்துவிடவில்லை. அறையில் விளக்கு அணைந்திருந்தது. அவள் அணைக்கவில்லை.

ஆனாலும் வெளிச்சம் இருந்தது. மேலே.

துணி அலமாரிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சூட்கேஸ் நுழையும் அளவுக்குத்தான் இடம். அந்த இடத்தில் அது மடங்கிப் படுத்திருந்தது. முழங்கால்கள் காதுக்கு மேலே. மடிக்கக் கூடாத இடத்தில் எல்லாம் மடித்த கைகள். ஒரு கை மட்டும் நீண்டு தொங்கி, மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது. மறு கையில் போன். போனின் வெளிச்சம் விழுந்த இடத்தில் முகம் இருந்திருக்க வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள். கத்தினாள். தன் குரல்தானா என்று தெரியாத ஒரு குரல்.

போன் அவள் பக்கம் திரும்பியது. மரியாதையாக, அனுமதி கேட்பது போல, ஒரு கணம் அசையாமல் நின்றது. டிக்.

அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. புதிய பதிவு. அறை வாசலில் நிற்கும் ஒரு நிழல், அகலத் திறந்த வாய்.

"இது சத்தம் போடுது. எப்படி நிறுத்துறது?"

மறைக்கும் பொத்தான் இருந்த இடத்தைக் கட்டைவிரல் அழுத்தியது. அழுத்தியது. அழுத்தியது. அங்கே எதுவும் இல்லை.

நல்ல மனிதர்கள். கேட்டால் சொல்பவர்கள். முதல் பதில் உடனே வந்துவிட்டது. "படம் இருட்டா இருக்கு தம்பி, என்னன்னு தெரியல. எதுவா இருந்தாலும் மொதல்ல துணியை வச்சு இறுக்கிக் கட்டிப் பாருங்க."

அதற்குக் கீழே இன்னும் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அலமாரியின் மேல் அது மகளின் தலையிலிருந்து கையை எடுத்தது. போனை அருகே பிடித்துப் பொறுமையாக வாசித்தது. வாசித்துவிட்டு, புரிந்துகொண்ட பிள்ளையைப் போலத் தலையை ஆட்டியது.